விரல் வரை வந்த வார்த்தை

முதல் புகார் ஒரு டாக்டரிடமிருந்து வந்தது. 'கவலைப்பட ஒன்றுமில்லை, இரண்டு வாரம் கழித்து வாருங்கள்' என்று ஒரு நோயாளிக்கு அவர் எழுதி அனுப்பியிருந்தார். போய்ச் சேர்ந்தபோது அதன் கீழே இன்னொரு வரி இருந்தது: 'எனக்கே என்னவென்று புரியவில்லை.'

இரண்டாவது, பொள்ளாச்சியில் பெண் பார்த்துவிட்டுப் போன ஒரு மாப்பிள்ளை. 'பெண்ணைப் பிடித்திருக்கிறது' என்று தரகருக்கு எழுதினாராம். 'தங்கையை இன்னும் பிடித்திருக்கிறது' என்று தான் எழுதவே இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மண்டபம் வரை பேசி முடித்த கல்யாணம் நின்றுபோயிருந்தது.

இரண்டும் கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், கழிவறைக்குப் பக்கத்து மேஜைக்கு வந்து சேர்ந்தன. அந்த மேஜை திருமூர்த்தியுடையது. நாற்பத்தொரு வயது, அதில் பதினான்கு வருடம் இதே மேஜை. அவனுடைய கம்பெனி 'பாத்தி' என்று ஒரு மென்பொருள் தொகுப்பு செய்து விற்றது. ஜன்னல், பொத்தான், எழுத்துப் பெட்டி என்று திரையில் நாம் பார்ப்பதையெல்லாம் பாத்தியில் ஒருமுறை எழுதிவிட்டால் போதும். கணினி, போன், பஸ் டிக்கெட் மெஷின், ஆஸ்பத்திரி மானிட்டர் எல்லாவற்றிலும் அப்படியே ஓடும். நிறம், அசைவு, மினுக்கல் போன்ற அழகான வேலைகளை எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். கீபோர்டில் யாராவது ஒரு விசையைத் தட்டினால் அந்தச் சேதியை வாங்கி உரிய பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை மட்டும் யாருக்கும் வேண்டாததாகக் கிடந்தது. அது திருமூர்த்திக்கு வந்தது. கீபோர்டின் 'கீ'யைப் பார்த்துக்கொள்பவன் என்பதால் அலுவலகத்தில் அவனுக்குச் சாவிக்காரர் என்று பெயர்.

மூன்றாவது புகார் நேரில் வந்தது. கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் பெரிய தோல் பை, ஐந்து மாடியும் படியேறி வந்ததற்கான அறிகுறி எதுவுமில்லாத முகம். உடுமலைப்பேட்டையில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை மனோன்மணி. ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது.

"கீபோர்டு உங்க பொறுப்பா?" என்றார்.

"ஆமாங்க டீச்சர்." அவர் இன்னும் தான் யாரென்று சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் திருமூர்த்தி எழுந்து நின்றுவிட்டிருந்தான்.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். பெற்றோருக்கு அனுப்பிய மதிப்பெண் அறிக்கைகளின் கடைசிக் கட்டத்தில் தலைமையாசிரியர் குறிப்பு என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அது. 'மேலும் முயற்சி தேவை. அப்பாவுக்கும்.' 'நல்ல மாணவி. வீட்டுப்பாடத்தை அம்மா எழுதாமல் இருந்தால் இன்னும் நல்ல மாணவி.' 'ஒழுக்கமானவன். ஒரு நாளாவது ஏதாவது சேட்டை செய்ய மாட்டானா என்று ஏக்கமாக இருக்கிறது.'

திருமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அடுத்த வரியைப் படித்தான். 'இவன் தேற மாட்டான்.'

"இது சுதர்சன்னு பத்தாவது படிக்கிற பையன். அப்பா அம்மா ரெண்டு பேரும் மில்லுக்குப் போறவங்க. ரிப்போர்ட்டை அவன்தான் படிச்சுச் சொல்லணும். படிச்சிருக்கான். மூணு நாளா ஸ்கூலுக்கு வரலை. நான் அவன் வீட்டு வாசல்ல போய் நின்னேன். கதவைத் திறக்கலை."

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"மொதல் பாதியெல்லாம் நான் எழுதினது. பின்பாதி எதையும் நான் தட்டவே இல்லை தம்பி. ஆனா அவ்வளவும் என் மனசுல இருந்ததுதான். இதை எப்படி எடுத்துக்கறதுன்னு எனக்குத் தெரியலை. எங்க தாளாளருக்குத் தெரிஞ்சுபோச்சு. சனிக்கிழமை விசாரணை. அன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடுவார். மெஷின் பண்ணின தப்புன்னு உங்க கம்பெனி ஒரு கடுதாசி குடுத்தா நல்லாயிருக்கும்."

திருமூர்த்தி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பள்ளியின் கணினிகள் எந்த இயங்குதளத்தில் ஓடுகின்றன என்று கேட்டான். பள்ளிக்கூடங்களுக்கென்று மலிவாக வந்த ஒன்றின் பெயரைச் சொன்னார். டாக்டரும் மாப்பிள்ளையும் வைத்திருந்தது அதே இயங்குதளம்தான்.

"டீச்சர், உங்க கீபோர்டு புதுசுதானே? விரல் படறதுக்கு முன்னாடியே எழுத்து வந்துடற மாதிரி இருக்குமே, அதுதானே?"

"ஆமா. வேகமா இருக்கும்னு போன வருஷம் மாத்தினாங்க."

"பழைய கீபோர்டு ரெண்டு சேதி அனுப்பும். 'அழுந்திட்டேன்', 'விட்டுட்டேன்'. புதுசுல அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு. 'வரேன்'. மனசுல ஒரு வார்த்தை ஓடினாலே விரல் நரம்பு துளி அசையும். நமக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும். நீங்க தட்டறதுக்குள்ள எழுத்தைத் தயாரா எடுத்து வெச்சுக்கும். அதனாலதான் வேகம்."

"வரேன்னு சொல்லிட்டு விரல் வராமப் போனா?" அவர் வகுப்பில் கேள்வி கேட்பதுபோலவே கேட்டார்.

"'வரலை'ன்னு இன்னொரு சேதி வரும். நாங்க அந்த எழுத்தைத் தூக்கிப் போட்டுடுவோம். எல்லா இயங்குதளமும் அனுப்புது. உங்களுது மட்டும் அனுப்பறதில்லை."

"ஏன்?"

"வராதவங்க வரலைன்னு எதுக்குச் சொல்லணும்னு நினைச்சிருப்பாங்க."

"அப்ப அந்த எழுத்து எங்க போகும்?"

"எழுத்துப் பெட்டி அதை வாங்காது. எனக்கில்லைன்னு மேல இருக்கிற ஜன்னலுக்குத் தள்ளிவிட்டுடும். ஜன்னல் சேர்த்து வெச்சுக்கும். நீங்க என்டர் தட்டும்போது, பாக்கி ஏதாவது இருக்கான்னு பெட்டி கேக்கும். இருக்குன்னு ஜன்னல் அவ்வளவையும் தூக்கிக் குடுத்துடும். அது திரையில தெரியறதுக்குள்ள அனுப்பிச்சாச்சு."

மனோன்மணி, "இப்படிக் கேட்டு வாங்கற மாதிரி அதை யார் எழுதினது?" என்றார்.

"நான்தாங்க டீச்சர். மூணு வருஷம் முன்னாடி. எட்டு வரி. வேகமாத் தட்டறவங்களுக்கு ஒரு எழுத்துகூட விட்டுப்போகக் கூடாதுன்னு எழுதினேன்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "முப்பத்திரண்டு வருஷத்துல இவன் தேற மாட்டான்னு எத்தனை பசங்களைப் பார்த்து நினைச்சிருப்பேன். ஒருத்தன்கிட்டகூட சொன்னதில்லை. நான் பார்த்த வேலையே அதுதான் தம்பி. நினைக்கறதுக்கு எனக்குச் சம்பளம் இல்லை."

அன்று சாயங்காலத்துக்குள் திருமூர்த்தி அந்த எட்டு வரியைச் சரிசெய்துவிட்டான். விரல் வந்து அழுத்தாத எழுத்து கால் நொடியில் தானாகவே அழிந்துபோகும். சோதித்தும் பார்த்தாயிற்று. வெளியிட மேலாளர் ஜெயசீலன் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

ஜெயசீலனுடைய அறையில் எப்போதும் ஒரு வாசனை மெழுகுவத்தி எரியும். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது திருமூர்த்திக்குப் பிடிக்கவில்லை.

"திருமூர்த்தி, இதைப் போய் குறைன்னு சொல்றீங்களே. ஒருத்தர் எழுதாம விட்டது என்னன்னு நமக்குத் தெரியுது. வேலைக்கு ஆள் எடுக்கறவங்க இதுக்காகத் தவமிருப்பாங்க. விண்ணப்பம் போடறவர் பழைய கம்பெனியை ஏன் விட்டேன்னு ஒண்ணு எழுதுவார். நிஜக் காரணம் கீழேயே வந்துடும். ஒருத்தர்கிட்ட இன்னிக்கே பேசறேன்."

"கல்யாணம் ஒண்ணு நின்னுபோச்சு சார்."

"நல்லதுக்குத்தான். அந்தத் தங்கச்சி பிழைச்சா." ஜெயசீலன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அந்த டீச்சருக்குக் கடுதாசி எதுவும் வேண்டாம். திருத்தத்தையும் ரெண்டு மாசம் நிறுத்தி வைங்க."

திருமூர்த்தி பதினான்கு வருடத்தில் இந்த அறைக்குள் ஏழெட்டு முறைதான் வந்திருப்பான். ஒருமுறைகூட எதிர்த்துப் பேசியதில்லை. இப்போதும் எதிர்த்துப் பேசவில்லை.

"சரிங்க சார். நிறுத்தி வைக்கச் சொல்லி எழுத்துல ஒரு வரி குடுத்துடுங்க. விதிமுறை இருக்கு." பக்கத்து மேஜையில் இருந்த சோதனைக் கணினியைக் காட்டினான். "இதுலயே தட்டிடலாம். டீச்சர் வெச்சிருக்கிற அதே கீபோர்டு, அதே இயங்குதளம். பழைய பதிப்புதான் ஓடுது."

ஜெயசீலன் கையை நீட்டி, கீபோர்டுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினார். கையையும் திருமூர்த்தியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை இழுத்து மெழுகுவத்தியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"வாயால சொன்னா போதாதா?"

"போதாதுங்க சார்."

"நான் வேற மெஷின்ல அனுப்பறேன்."

"சரிங்க."

வெள்ளிக்கிழமை முழுவதும் அந்த வரி வரவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கிற யாரோ ஒருவருக்கு விற்பதற்காகத் திருத்தத்தை நிறுத்தினேன் என்பதை எந்த மெஷினில் எழுதினாலும் எழுதியதுதானே என்று ஜெயசீலனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எழுத்தில் தடை இல்லையென்றால் திருத்தம் தன்னால் வெளியாகும் என்பதும் விதிமுறைதான். திருமூர்த்தி சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு என்று நேரம் குறித்துவைத்தான். காலையிலேயே வெளியிட்டிருக்கலாம். ஆனால் விசாரணை பதினொரு மணிக்கு. அதுவரை பழைய பதிப்பு ஓடட்டும் என்று விட்டுவிட்டான்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு உடுமலைக்குப் பஸ் ஏறினான்.

விசாரணை பள்ளியின் கணினி அறையில் நடந்தது. சுவரில் பெரிய திரை. தாளாளர் சிவசண்முகம் நடுவில் உட்கார்ந்திருந்தார், வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. பக்கத்தில் பெற்றோர் சங்கத் தலைவி கோகிலா. ஓரமாகக் கணினி முன்னால் அலுவலக எழுத்தர் பொன்னுசாமி, நடவடிக்கைக் குறிப்பு எடுக்க. மனோன்மணி எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மாணவர்கள் உட்காரும் பெஞ்சு.

தாளாளருடைய கோபத்துக்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். அவருடைய மகன் பிரணவ் அந்தப் பள்ளியில்தான் பதினொன்றாவது படித்தான். அவனுடைய அறிக்கையில், 'இந்தப் பையன் வருடாவருடம் தேறுவது ஆசிரியர்களின் உழைப்பால். அவனுடைய உழைப்பை இன்னும் நாங்கள் பார்க்கவில்லை' என்று இருந்தது. அது தாளாளரின் மாமனார் வரைக்கும் போய்விட்டிருந்தது.

டீச்சர் தட்டாமலே வந்த வரிகளின் பட்டியல் ஒன்றைத் திருமூர்த்தி கொண்டுவந்திருந்தான். அதைக் கொடுத்து, டீச்சரிடம் சொன்னதையே மறுபடி சொன்னான். வரேன், அழுந்திட்டேன், விட்டுட்டேன். "இந்தப் பட்டியல்ல இருக்கிற எதையும் டீச்சர் அழுத்தலைங்க. பதிவு எங்ககிட்ட இருக்கு. தப்பு எங்களுது. நான் எழுதினது."

தாளாளர் பட்டியலைத் தொடவில்லை. "அழுத்தினா என்ன, அழுத்தாட்டி என்ன? மனசுல இருந்துதானே வந்துச்சு?"

"ஆமாங்க. எல்லாருக்கும் வரும்ங்க."

"எனக்கு வராதுங்க. மனசுல ஒண்ணு கையில ஒண்ணுங்கற பழக்கம் நம்ம குடும்பத்துலயே கிடையாது." தாளாளர் திரும்பினார். "பொன்னுசாமி, ஆர்டரைத் தட்டுங்க."

பொன்னுசாமி அந்தப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக எழுத்தர். தாளாளர் சொல்லச் சொல்ல ஒரு புள்ளிகூட மாறாமல் தட்டுவார் என்று பெயர். தட்டினார். 'தலைமையாசிரியை மனோன்மணி இன்று முதல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.' என்டர் தட்டினார்.

சுவர்த் திரையில் வரி ஏறியது. அதன் வாலில் இன்னொன்றும் ஏறியது. 'இந்தம்மா போனால் பள்ளிக்கூடத்தை யார் பார்ப்பார்கள், இவரா.'

பொன்னுசாமி அடுப்புச் சட்டியைத் தொட்டவர்போல இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் தட்டலைங்க," என்றார் மெதுவாக.

"அடுத்த வரி," என்றார் தாளாளர்.

"கை வலிக்குதுங்க."

தாளாளர் கோகிலாவைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் தட்டுங்கம்மா."

"எனக்கு டைப்பிங்கே வராதுங்க," என்றார் கோகிலா. காலையிலிருந்து பெற்றோர் குழுவில் நாற்பது செய்தி போட்டிருந்தவர் அவர். அப்போது தாளாளர் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தன்னுடைய வளையல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளாளர் எழுந்தார். பொன்னுசாமியை நகரச் சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து, இரண்டு ஆள்காட்டி விரலால் மட்டும் தட்டினார். 'பணிநீக்கத்துக்கான காரணம்: தாளாளரின் குடும்பத்துக்கு அவமதிப்பு.' நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு விரலை என்டர் விசைக்கு மேலே கொண்டுபோனார்.

அது அங்கேயே நின்றது.

சுவர்த் திரையில் அவர் தட்டிய வரி மட்டும் இருந்தது, வேறொன்றுமில்லை. அறையில் இருந்த மற்ற நான்கு பேரும் அந்த வரியின் முடிவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார்கள். தாளாளரும் அதைத்தான் பார்த்தார்.

"என்டர் தட்டினாத்தான் தெரியும்ங்க," என்றான் திருமூர்த்தி, உதவி செய்கிற குரலில்.

தாளாளர் விரலை நகர்த்தி எல்லாவற்றையும் ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

"அழிச்சாலும் பாக்கி உள்ளயே காத்திருக்கும்ங்க. அடுத்து யார் என்டர் தட்டினாலும் வரும்."

தாளாளர் குனிந்து மேஜைக்கடியில் கையைவிட்டு, கணினியின் ஒயரையே பிடுங்கிவிட்டார். திரை கறுத்தது. அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது என்று சொன்னார். எந்தத் தேதிக்கு என்று சொல்லவில்லை. யாரும் குறித்துக்கொள்ளவும் இல்லை. பேனாவால் எழுதியிருக்கலாம். அது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அந்த அறையில் பேனா இருந்த ஒரே இடம் மனோன்மணியின் கைப்பைதான்.

வெளியே வந்ததும் கோகிலா பின்னாலேயே ஓடிவந்தார். "டீச்சர், என் பொண்ணோட ரிப்போர்ட்ல கரும்பலகை தெரியாம கஷ்டப்படறா, கேக்க பயப்படறான்னு வந்திருந்துதுங்க. கண்ணாடி வாங்கிட்டோம். நீங்க எழுதினது இல்லைன்னாலும் பரவாயில்லை," என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

"இதை மட்டும் நான் எழுதியிருக்கணும்," என்றார் மனோன்மணி. "யாரோ என்னவோ நினைப்பாங்கன்னு விட்டுட்டேன் பாருங்க."

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் நின்றார்கள். சுதர்சன் என்ன ஆனான் என்று திருமூர்த்தி கேட்டான். நேற்று மறுபடியும் போனதாகவும், இந்த முறை ஜன்னல் வழியாக ஒரு மணி நேரம் பேசியதாகவும் சொன்னார். இயந்திரத்தின் மேல் பழி போட அவருக்கு மனம் வரவில்லையாம். ஆமாடா, நினைத்தேன், நான் நினைத்தது தப்பென்று வந்து காட்டு என்று சொன்னாராம். அவன் இன்று காலை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தான். தேறுவானா என்று தெரியாது. வந்திருக்கிறான்.

திருமூர்த்தி அப்போதுதான் டீயை எடுத்துக் குடித்தான்.

மனோன்மணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சாலையில் போகிற பஸ்ஸைப் பார்த்தபடி சொன்னார்: "தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பிரணவைப் பத்தி வந்தது மெஷின் தப்பில்லை. அதை நான்தான் தட்டினேன். ஒவ்வொரு எழுத்தா."

"தெரியும்ங்க டீச்சர்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"பதிவுல எல்லா எழுத்துக்கும் அழுந்தினதும் இருக்கு, விட்டதும் இருக்கு. அதனாலதான் நான் குடுத்த பட்டியல்ல அந்த வரி இல்லை. பட்டியல்ல இருக்கிறதை நீங்க அழுத்தலைன்னுதான் சொன்னேன். அவர் எடுத்துப் பார்க்கலை."

மனோன்மணி முதல்முறையாகச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது.

"ஒரு சந்தேகம் டீச்சர்," என்றான் திருமூர்த்தி. "எங்க பாத்தியில என்டரை அழுத்தினா போகாது. விரலை எடுத்தாத்தான் போகும். மத்த பசங்களுக்கெல்லாம் தட்டினதும் எடுத்திருக்கீங்க. பிரணவுக்கு மட்டும் நாலு செகண்டு விரலை எடுக்கவே இல்லை. அந்த நாலு செகண்டு என்ன யோசிச்சீங்க? வேலை போயிடும்னா?"

"இல்லை தம்பி," என்றார் மனோன்மணி. "எழுத்துப்பிழை இருக்கான்னு பார்த்தேன்."